கருவிப் பிழை

இரவு பதினொன்று இருபதுக்கு
அறை 207-இல் கரியமிலவாயு ஏறுகிறது.
நானூற்று முப்பது, அறுநூறு, எண்ணூற்றுப் பத்து.
விடியற்காலை நாலே முக்காலுக்குச்
சரசரவென்று இறங்கிவிடுகிறது,
யாரோ கதவைத் திறந்ததுபோல.

மே மாதம் முழுக்க இதே மேடு, இதே சரிவு.
வரைபடத்தில் வரிசையாகக் குன்றுகள்,
சையத் பாஷா மலை
குட்டி போட்டாற்போல.

பர்கூர் சாலையில் எங்கள் கல்லூரி.
ஒரு பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறை,
மறு பக்கம் மாங்கூழ் ஆலை.
சன்னலைத் திறந்தால் கல்தூசி, மூடினால் புழுக்கம்.
என் ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்று
நேர்முகத் தேர்வில் சொன்னேன்.
சிரித்தார்கள். வேலை கொடுத்தார்கள்.
பதினேழு வருடம் ஆகிறது.

207 நான் கட்டிய அறை.
எலிப்பொறிக் கட்டில் செங்கல்,
மொட்டைமாடியில் உடைந்த வெள்ளை ஓட்டுச் சில்லு,
மேற்கே சன்னலே கிடையாது.
"சுவத்துக்குள்ள சந்து விடறீங்களே மேடம்,
செங்கல்ல மிச்சம் புடிக்கவா?"
மேஸ்திரி திம்மராயன் கேட்டார்.
அதுவும்தான் என்றேன்.

ஆள் நுழைந்தால் விளக்கு எரியும்.
அசையாவிட்டால் அணையும்.
விடைத்தாள் திருத்துகையில் என்மேலேயே
எத்தனையோ முறை அணைந்திருக்கிறது.
கையை உயர்த்தி ஆட்டி
உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா என்று
கூரையிடம் வருகை சொல்வேன்.

முனைவர் பட்டம் ஏழு வருடம். கட்டுரை பதினொன்று.
சென்னையில் ஒரு மாநாடு:
பதினெட்டு டிகிரிக் குளிரில் பல் தந்தியடிக்க
மின்சிக்கனம் பற்றிப் பேசினேன்.
மேடையில் போர்த்திய பொன்னாடை
அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயன்பட்டது.

சரி, அந்தக் குன்றுகள்.
விளக்கு எரியவில்லை, ஏசி ஓடவில்லை,
மீட்டர் தூங்குகிறது.
காற்று மட்டும் பழசாகிறது.
படுத்துறங்கும் ஓர் ஆளுக்கு
எவ்வளவு ஏறும் என்று வருடாவருடம் பாடம் நடத்துகிறேன்.
கணக்குப் போட்டேன்.
ஒன்றரை ஆள் என்று வந்தது.
மறுபடி போட்டேன்.
ஒன்றரை.

நாகவேணி. துறையைக் கூட்டுகிறவள்,
சாவிக்கொத்து அவள் இடுப்பில்.
பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகை.
நாலாவது படிக்கும் மகளுக்குக்
கழுத்தெல்லாம் வேர்க்குரு.
தகரத்துக்குக் கீழே நள்ளிரவில் முப்பத்தாறு டிகிரி.
நான் அளந்ததுதான்:
மூன்றாம் கட்டுரை, அட்டவணை இரண்டு, வீடு எண் ஒன்பது.
கருவி மாட்டப் போனபோது
"வெக்கையா இருக்குதுன்னு
மிசினு சொன்னாத்தான் நம்புவீங்களா?" என்றாள்.
207-இல் இருபத்தொன்பது.

மதிப்பாய்வாளர் கேட்டிருக்கிறார்:
படம் நான்கில் இரவு ஏற்றத்துக்கு விளக்கம் தேவை.
அறை காலி என்கிறீர்களே?

பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரைதான் குறைகிறது.
"கருவிப் பிழை" என்று தட்டினேன்.
அழித்தேன். தட்டினேன்.
மூன்று கொட்டேஷன் வாங்கி
நானே தேர்ந்தெடுத்த கருவி,
பாவம், ஒரு நாளும் தப்பு சொன்னதில்லை.

பிறகு நிரலைத் திறந்தேன்.
ஆயிரம் தாண்டினால் காவலருக்குப் போகும் எச்சரிக்கையை
இரவில் நிறுத்தினேன்.
ஐந்நூறிலேயே மேல் காற்றுவாரி
இரண்டு அங்குலம் திறக்கட்டும்,
மெதுவாக, மோட்டார் சத்தம் கேளாமல்.
எதற்கு என்று குறிப்பு எழுதவில்லை.

நேற்றிரவு ஐந்நூற்று எழுபதோடு நின்றுவிட்டது.
ஒன்றரை இல்லை, முக்கால்கூடத் தேறாது.
காற்றுவாரி வேலை செய்கிறதா,
பிள்ளை வரவில்லையா?
இரண்டுக்கும் கருவி ஒரே எண்ணைத்தான் காட்டும்.

எட்டு மணிக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.
வராந்தாவில் துடைப்பச் சத்தம் இன்னும் இல்லை.
அசையாமல் கேட்டுக்கொண்டிருந்ததில்
விளக்கு அணைந்துவிட்டது.